குழுவுக்கு ஒரு ஆள் குறையுது

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரு மனநல கிளினிக். அதன் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு ‘உக்காருங்கக்கா’ என்று பெயர் விழுந்து பல வருடமாகிறது. யார் என்ன கதறிக்கொண்டு வந்தாலும் அவள் வாயில் முதலில் வருவது, “மொதல்ல உக்காருங்க.” நின்றுகொண்டு அழுகிறவர்களைவிட உட்கார்ந்து அழுகிறவர்கள் சீக்கிரம் முடிப்பார்கள் என்பது அவள் அனுபவம்.

அன்று லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க வந்தார். அவருக்கு வியாதியே லிஃப்ட் பயம். ஒருமுறை உள்ளே மாட்டிக்கொண்டதிலிருந்து கதவு மூடினாலே நெஞ்சை அடைக்கும்.

“பழைய கம்பெனிய இழுத்து மூடிட்டாங்கக்கா. இன்ஷூரன்ஸும் போச்சு. புதுக் கம்பெனியில வேலை நிரந்தரமானாதான் தருவாங்களாம்.”

“ஆயிடுமே?”

“மேற்பார்வையாளர் முன்னாடி தனியா லிஃப்டுல ஏறிக் காட்டணும். இப்போதைக்கு படியேறிப் போய் மேல இருக்கிற மோட்டார மட்டும் தொடச்சிட்டு வரேன்.”

பயம் போனால்தான் வேலை, வேலை நிலைத்தால்தான் இன்ஷூரன்ஸ், இன்ஷூரன்ஸ் இருந்தால்தான் பயத்துக்கு வைத்தியம். செக்குமாடுகூட இதைவிட நேராகப் போகும்.

“மாத்திரை?”

மெக்கானிக் கூரையைப் பார்த்தார். “பாதிப் பாதியா...”

“கடிச்சு மிச்சம் வெக்க அதென்ன மிட்டாயா? அதே மருந்து வேற கம்பெனியில மலிவா கிடைக்கும். டாக்டர்கிட்ட எழுதி வாங்கித் தரேன். நீங்களா கை வெக்கக் கூடாது.”

அடுத்தது ஆலோசகர் கட்டணம். தனியாகப் பேசினால் கட்டி மாளாது. குழுவாகப் பேசினால் அதில் கால்வாசிதான். ஆனால் குழு என்றால் நான்கு பேராவது இருக்க வேண்டும். இதேபோல் இன்ஷூரன்ஸ் இல்லாமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தையல்காரம்மாவையும் ஒரு கணக்கரையும் அக்கா ஃபோனில் பிடித்தாள். இன்னும் ஒரு ஆள் குறைந்தது.

கீழே இறங்கினாள். டயருக்குக் காற்றடிக்கும் போதெல்லாம் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நிற்பதை அவள் ஜன்னல் வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

“எனக்கு ஒண்ணுமில்லையேம்மா!”

“இருக்கு. மொதல்ல மேல வந்து உக்காருங்க.”

ஒன்றுமில்லை என்றவர் முதல் வாரம் திறந்த வாயை மூடவே இல்லை. வாராவாரம், இன்னும் வெடிக்காத டயர்களைப் பற்றியே பேசினார். தையல்காரம்மா உட்கார்ந்தபடியே குறட்டை விட்டார். “என் முறை எப்பக்கா வரும்?” என்று மெக்கானிக் மேசையருகே வந்து புலம்பினார். ஏறிக் காட்ட வேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆலோசகர் குழுவை நாற்காலிகளோடு லிஃப்டுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தார். அடுத்த வாரம், கதவைத் திறந்து வைத்து உள்ளே நிற்க வைத்தார். அதற்கடுத்து, ஏறச் சொன்னார். இழுப்புக் கதவு போட்ட அந்தப் பழைய லிஃப்ட் நான்கு பேருக்கு மேல் தாங்காது. “நான் படியில வரேன்” என்று ஆலோசகர் ஓடினார்.

மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவருகே காத்திருந்த அக்காவுக்கு மோட்டார் உறுமுவது கேட்டது. பிறகு டக்கென்று நின்றது. இருட்டுக் குழிக்குள்ளிருந்து டயர் கடைக்காரர் குரல் வந்தது.

“அய்யோ, வெடிக்கப் போகுது!”

“லிஃப்ட் எப்படிய்யா வெடிக்கும்? அதென்ன டயரா?” இது மெக்கானிக். குரல் நடுங்கியது. அடுத்த நொடி அந்த நடுக்கத்தை ஆத்திரம் விழுங்கியது. “கதவுல சாஞ்சுக்கிட்டு கதையளந்தா நிக்காம என்ன செய்யும்? தள்ளி நில்லுங்க! அம்மா, எந்திரிங்க! சார், பட்டன்ல கை வெக்காதீங்க!”

கதவை இழுத்து அறைந்து சாத்தும் சத்தம். லிஃப்ட் மேலே வந்தது. மெக்கானிக் தொப்பலாக நனைந்திருந்தார். “கதவு லேசா வெலகியிருந்துச்சுக்கா, அவ்வளவுதான்” என்றவர் அப்போதுதான் தான் இன்னும் லிஃப்டுக்குள் நிற்பதைப் பார்த்துவிட்டு, அவசரமாக உட்கார்ந்தார்.

பயம் அன்றோடு ஓடிவிடவில்லை. கம்பெனியில் ஏறிக் காட்டிய நாளிலும் வியர்த்துக் கொட்டியதாம். ஆனால் ஏறினார், இறங்கினார், வேலை நிரந்தரமாயிற்று.

புது இன்ஷூரன்ஸ் அட்டையோடு வந்தார். கூடவே அந்தப் பழைய லிஃப்டைப் பழுது பார்க்க அவருடைய மேற்பார்வையாளரும் வந்திருந்தார்.

“இனிமே நான் தனியாவே பேசிக்கிறேன்க்கா.”

பின்னாலேயே வந்த டயர் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. “எங்கள நட்டாத்துல விட்டுட்டா? குழுவுக்கு ஒரு ஆள் குறையுதே!”

அக்கா மேற்பார்வையாளரின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நகமும் கடித்துக் கடித்துச் சதையோடு போயிருந்தன.

“சார், உங்க இன்ஷூரன்ஸ்ல இதுக்கெல்லாம் தராங்களா?”

“எதுக்கு? எனக்கு ஒண்ணுமில்லையே!”

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள்.