போனுக்குள் கேட்ட இரைச்சல்

கண்ணுகளா, அப்பா நல்லூரில் ஒரு சாயப்பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருந்தபோது நடந்தது இது. செல்போன் எல்லார் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம். பட்டறைக்குள் பேசுவதற்கென்றே முதலாளி கம்பியில்லாத போன்கள் வாங்கினார். எல்லாப் பேச்சும் கூரையில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி வழியாகப் போகும்.

கொஞ்ச நாளிலேயே குரல்கள் துண்டு துண்டாக வந்தன. கோயமுத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் பெட்டியைச் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்கண்ணா, பேசி முடிச்சும் யாருமே போனை வெக்க மாட்டீங்களா?"

"பெரியவங்க வெக்கறதுக்கு முன்னால நாம எப்படிங்க வெக்கறது?" என்றேன். முதலாளியோ வைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"அப்ப மரியாதையிலயே பெட்டி ரொம்பிப் போச்சுங்க. வெக்காத போனெல்லாம் அதுல இடம் புடிச்சுட்டு நிக்குதுங்க."

பேச்சில்லாத நேரத்தில் போன் எதையும் அனுப்பாதபடி அவர் மாற்றினார். இடம் மிச்சமாகி, ஒரே நேரத்தில் நிறையப் பேர் பேச முடிந்தது. ஆனால் எதிராளி பேசாதபோது காது அடைத்தது போல இருந்ததால், லைன் செத்துவிட்டதென்று எல்லாரும் புகார் சொன்னார்கள். அதற்கும் வழி செய்தார். கேட்பவரின் போனே மெல்லிய இரைச்சல் ஒன்றைப் போட்டுக்கொள்ளும்.

"அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னாலும் இரைச்சல் வருமுங்களா?"

"வருமுங்க. ஒரு நிம்மதிக்குத்தானுங்க."

எனக்கு அது நிம்மதியாகப் படவில்லை.

விறகுப் பாய்லர் அறையில் தனியாக வேலை பார்த்தவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, புகை வெளிய போவாம உள்ளயே சுத்துது. என்னன்னு பாக்கேன், லைன்லயே இருடே."

இருந்தேன். இரைச்சல் சீராக வந்தது. அவர் இருமவில்லை, யாரையும் திட்டவில்லை. "அண்ணா" என்றேன். இன்னொரு தரமும் கூப்பிட்டேன். அதே இரைச்சல், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓடினேன்.

அறைக்குள் புகையில் நீட்டிய கை தெரியவில்லை. கதவோரம் குப்புறக் கிடந்தவரை, கூட ஓடி வந்த இன்னொருவரும் நானும் காலைப் பிடித்து வெளியே இழுத்தோம். வெகு நேரம் கழித்துத்தான் கண் திறந்தார்.

பாய்லருக்கு இன்னொரு ஆள் போடுவதாக முதலாளி சொன்னார். ஆள் வரவில்லை. அதனால் அந்த அண்ணனும் நானுமே ஒன்று பேசிக்கொண்டோம். பாய்லர் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் போனில் சர்ச் பாட்டு ஏதாவது பாடிக்கொண்டே இருக்க வேண்டும், நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டின் நடுவே அவர் மூச்சு வாங்க நிறுத்துவார். உடனே அந்த இடத்தில் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வரி வருவதற்குள் நான் எழுந்து நின்றிருப்பேன்.