கை தூக்கச் சொன்ன கூட்டம்

படூர், கேளம்பாக்கம் பக்கம் மாடி மாடியாக வீடுகளும் கம்பெனிகளும் எழும்பிக்கொண்டிருந்த காலம். திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய எங்கள் ஊரில் நானும் வீட்டுக்காரரும் மாவு மில் நடத்திவந்தோம். மிளகாயை மெஷினில் கொட்டியதும் கரண்ட் போய்விடும். பாதி அரைபட்டதை அள்ளிக் கொடுத்தால் வந்த பெண்கள் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஒருநாள் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். வட்டாரத்தின் எதிர்கால மின்சாரத்துக்குத் திட்டம் போடுகிறார்களாம். பெரிய மின்பாதை எந்த வழியாக வரவேண்டும் என்று மக்களைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். செங்கல்பட்டில் கல்யாண மண்டபத்தில் கூட்டம். நான் நம்பினேன். மின்கோபுரங்கள் எங்கள் நெல் வயல்களை விட்டுப் புறம்போக்கு வழியாகப் போகட்டும், எங்கள் ஊருக்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று கேட்க, மில்லைப் பூட்டிவிட்டு ஊர்க்காரர்களோடு போனோம்.

முன்வரிசை நாற்காலிகளில் முன்பின் பார்த்திராத ஆட்கள். நாங்கள் பின்னால் நின்றோம். அவர்களுக்குச் சாப்பாட்டு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவர் என் கூடப்பிறந்த அண்ணன். மின்பாதை போடவந்த கான்ட்ராக்டருக்குக் கூலியாள் பிடித்துக் கொடுப்பவர்.

"இன்னாண்ணா, இவங்கல்லாம் யாரு?" என்றேன்.

"உனக்கு இன்னாத்துக்கு அது? வந்தியா, சாப்ட்டியா, வூட்டுக்குப் போனியான்னு இரு."

மேடையில் ஓர் அதிகாரி வரைபடத்தைக் காட்டிப் பாதி இங்கிலீஷில் பேசினார். சிவப்புக் கோடு ஒன்று எங்கள் வயல்களின் மேல் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தது. "திட்டத்தை ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். முன்வரிசை முழுக்கக் கை தூக்கியது. போட்டோ எடுத்தார்கள். எதிர்ப்பவர்கள் யார் என்று கேட்கவே இல்லை.

நான் மைக்கை நோக்கி நடந்தேன். அண்ணன் குறுக்கே வந்து கையைப் பிடித்தார். "மானத்த வாங்காத. போய் நில்லு."

"கருத்து சொல்லத்தான கூப்ட்டாங்க? நகரு."

என் வீட்டுக்காரர் அவர் கையைத் தட்டிவிட்டார். அந்த இடைவெளியில் நான் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"கம்பி எங்க நெலத்து மேல போவுது, கரண்ட் மட்டும் படூருக்குப் போவுது. கை தூக்குன ஆளுங்க யாராவது எங்க ஊரு எங்க கீதுன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

முன்வரிசை ஆட்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். "உங்க கருத்தைப் பதிவு பண்ணியாச்சு, உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி.

"எங்க சார் உக்கார்றது? சேரெல்லாம் அவங்களுக்கே குடுத்துட்டீங்க."

அதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

வாசலில் அண்ணன் காத்திருந்தார். "உன்னால என் வேல போச்சுன்னா வெச்சுக்கோ, அதோட என் வூட்டு வாசப்படி மிதிக்காத."

"வேல இருந்தாலும் மிதிக்க மாட்டேன்" என்றேன்.

அந்த வாரமே பேப்பரில் வந்துவிட்டது, திட்டத்துக்கு மக்கள் ஒருமனதாக ஆதரவு என்று. தூக்கிய கைகள்தான் போட்டோ. அறுவடை முடிந்ததும் எங்கள் வயலில் கோபுரத்துக்குக் குழி தோண்ட ஆட்கள் வந்தார்கள். கூட்டிக்கொண்டு வந்தவர் அண்ணன். நான் வரப்பிலேயே நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. வெயில் ஏறியதும் குடிக்கத் தண்ணீர் கேட்டு ஆள் அனுப்பினார். பம்ப்செட்டை நிறுத்திப் பூட்டிவிட்டேன். அதற்காக இதுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

டிரான்ஸ்பார்மர் பிறகு வந்தது. அந்தக் கூட்டத்துக்குப் போனதால் அல்ல, ஊர்ப் பெண்கள் எல்லோரும் கரண்ட் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஒருவரையும் உள்ளே விடாததால்.

சில வருடம் கழித்து அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். நேரில் வந்து அழைக்கவில்லை, பத்திரிகை தபாலில் வந்தது. "கொழந்த இன்னா பண்ணுச்சு, போய்ட்டு வந்துடலாமே" என்றார் வீட்டுக்காரர். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான். கல்யாணத்தன்று மில்லைத் திறந்துவைத்து, சாயங்காலம் வரை மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.