ஆவேசம் ஆறும் நேரம்

என் ஆய்வுத் தலைப்பைச் சொன்னால் எங்கள் ஊர் கம்பத்தில் சிரிப்பார்கள். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில நாடகங்களில் ஆவேசமாகச் சபதம் போடுகிறவர்கள், காரியம் என்று வரும்போது ஏன் தளர்ந்துபோகிறார்கள்? ஆய்வாளர்கள் இரண்டு கட்சி. யோசித்து யோசித்தே உறுதி கெடுகிறது என்பது ஒரு கட்சி. யோசனை மேல் பழி போடாதே, ஆவேசத்தில் பிறந்த உறுதி ஆவேசம் தீர்ந்ததும் தானாகவே செத்துப்போகும் என்பது இன்னொன்று. எம்.ஃபில். முடித்தும் நான் எந்தக் கட்சி என்று தெரியவில்லை. அந்த எரிச்சல் வேறு.

மதுரையில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருந்தது. அந்த வாரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் போச்சு. அத்தாவுக்கு ஏலக்காய்க் கமிஷன் கடை. பெற்ற பிள்ளை நான் கூடமாட இருக்கவேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. நான் குதிக்கும்போதெல்லாம், "போலாம்ப்பா, இந்தச் சரக்கு ஏறட்டும்" என்பார். நானும் அடங்கிவிடுவேன். மறுநாள் என் மேலேயே ஆத்திரம் வரும்.

கெடு முடிவதற்கு முந்தின நாள், மலைத் தோட்டக்காரர் ஒருவர் கத்திக்கொண்டே கடைக்குள் வந்தார். அவர் காயைத் தரம் குறைத்துவிட்டோமாம், மூட்டையைத் திருப்பிக் கேட்டார். அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கண்ணே, டீ வரட்டும்."

டீ வந்தது. மலையில் மழை எப்படி, மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா என்று விசாரித்தார். அரைமணி கழித்து மனிதர் மூட்டையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார். எங்கள் கடை வழக்கம் அது. சூடாக இருக்கிறவரோடு பேரம் கிடையாது, ஆறவிட்டுத்தான் பேச்சு.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக எனக்கும் இதே வைத்தியம்தான்!

"அத்தா, நான் மதுரைக்குப் போறேன். இப்பவே."

"போலாம்ப்பா. மொதல்ல உக்காரு."

நான் உட்காரவில்லை. வீட்டுக்கு ஓடி, சான்றிதழ்களையும் இரண்டு சட்டையையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உத்தமபாளையம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சின்னமனூரில், சாயங்காலம் அத்தா தனியாகக் கடை பூட்டுவார் என்ற நினைப்பு வந்தது. வீரபாண்டி தாண்டும்போது மனதைத் துழாவிப் பார்த்தேன், கோபம் துளிகூட இல்லை. பயம்தான் இருந்தது.

பஸ் மாறத் தேனியில் இறங்கினேன். படித்ததெல்லாம் சரியென்றால் நான் திரும்பவேண்டிய இடம் அதுதான். கம்பம் பஸ் எதிரிலேயே புறப்படத் தயாராக நின்றது. அத்தாவை நினைத்து அழுகை முட்டியது. அழுதுகொண்டே மதுரை பஸ்ஸில் ஏறினேன்.