சிவப்புக் கோட்டின் எந்த ஓரம்?

எங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திடல். மாரி மழையில் வாவி நிரம்பினால் அதை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாவியின் மேற்குப் பக்கத்துப் படுவான்கரை வயல்கள் மூழ்கும். அவசரப்பட்டு வெட்டினாலோ, வளர்ந்துவரும் இறால் எல்லாம் கடலோடு போய்விடும். எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் குறிப்பெழுதுவது என் வேலை. அண்ணனின் வயல் படுவான்கரையில், அதுவும் வயல் வட்டையின் ஆகத் தாழ்ந்த மூலையில். என் கணவர் வாவியில் வலை போடுகிறவர். நல்ல பொருத்தம்!

பாலத்துத் தூணில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டால் வெட்டலாம். யார், எதை வைத்து அதைக் கீறினார்கள் என்று எனக்கு ஒரே குடைச்சல். கூட்டத்தை நடத்தும் அதிகாரியைக் கேட்டேன்.

"நான் வரக்குள்ளயே கிடந்தது, தங்கச்சி" என்றார்.

விடுவேனா? அந்தக் கோட்டுக்குப் பெயின்ற் அடிக்கிறவரைத் தேடிப் பிடித்தேன். "பழைய கோட்டுக்கு மேலதான் அடிக்கிற. தெரியாமப் போயிருமெண்டு ஒவ்வொருதரமும் கொஞ்சம் தடிப்பா இழுத்துவிடுவன்" என்று சிரித்தார். போய்ப் பார்த்தால், அடக்கடவுளே, கோடு ஒரு சாண் அகலம்!

போன மாரியில் தண்ணீர் அந்தச் சாணுக்குள் வந்து நின்றது. கூட்டத்தன்று காலையில் அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். "என்ட மூலை தண்ணியில தாண்டு போச்சு புள்ள. நெல்லு இன்னும் ரெண்டு நாள் தாங்கும். மறுகா அழுகிரும்."

கூட்டத்தில் ஒரு வயல்காரர் எழும்பினார். "கோட்டில பட்டிட்டு சேர், இண்டைக்கே வெட்டுங்க."

"எங்க பட்டது? மேல் ஓரம் காய்ஞ்சு கிடக்கே! இறால் இன்னும் பொடிசு, பொறுங்க" என்றார் ஒரு மீனவர்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் எனக்கு ஆச்சரியம். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். "மேல் ஓரம் மறையட்டும், வெட்டுவம். எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நட்டம்தான், சமாளிக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி குடித்தார்கள். ஆகத் தாழ்ந்த வயலுக்கு அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்லியிருக்கலாம். குறிப்பெழுதுகிறவள் கூட்டத்தில் கதைக்கக் கூடாது. அது விதிதான், பொய்யில்லை. ஆனால் அன்றைக்கு அந்த விதி எனக்கு நல்ல வசதியாக இருந்தது. எங்கள் வீட்டு அடுப்பு இறாலில்தான் எரிகிறது.

மூன்றாம் நாள் வெட்டினார்கள். நாலாம் நாள் படுவான்கரைக்குப் போனேன். பக்கத்து வயல்களெல்லாம் பச்சையாக நின்றன. அப்படிப் பார்த்தால் கூட்டத்தின் முடிவில் பிழை சொல்ல முடியாது. அண்ணன் மட்டும் வரம்பில் நின்று, அழுகின வேளாண்மைப் பயிரைப் பிடுங்கி முகர்ந்து கொண்டிருந்தார்.

"என்ட மூலையப் பத்தி ஆராவது கதைச்சாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல அண்ணா."

"அங்க ஆருக்கும் தெரிஞ்சிருக்காதுதானே" என்றார்.

அண்ணனுக்குத் திட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பிடியைப் பிடுங்கினார்.