ஏழு சென்ட் காடு

பாறசாலையில் விடிந்ததும் முற்றம் பெருக்காத வீட்டைச் சாவு விழுந்த துட்டி வீடு என்பார்கள். எலிசாள் பத்து வருஷமாகப் பெருக்கவில்லை. சருகு கிடந்தால் புழு வரும், புழுவுக்குத் தவிட்டுக்குருவி வரும் என்பாள். பள்ளிக்கூட ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், ஏழு சென்ட் மண்ணில் வெட்சியும் கிலுகிலுப்பையும் வளர்த்து, சின்னக் குளமும் வெட்டி மீன் விட்டு, பட்டாம்பூச்சிக்கும் தவளைக்கும் செம்போத்துக்கும் இடம் கொடுத்திருந்தாள். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே! கணவர் சத்தியநேசன் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம் கொசு பரப்பும் அந்தப் பாழாய்ப்போன மூட்டுக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதிப்பேர் படுத்தார்கள். தையல்காரரான சத்தியநேசனுக்குக் காய்ச்சல் இறங்கியும் விரல்கள் மடங்கவில்லை. கஞ்சியைக்கூட எலிசாள்தான் ஊட்டினாள்.

பக்கத்து வீட்டு நேசமணி வேலியருகே நின்று கத்தினாள். "ஒனக்க காடுதான் கொசுவ வளக்குது கேட்டியா! குளத்த மூடு!"

எலிசாள் விட்டுக்கொடுக்கிற பிறவியா? "கொசுவ வளக்கது நம்ம தோட்டம் இல்ல, நிரூபிச்சுக் காட்டுதேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சுகாதார ஊழியர் ஆதிராவைத் தானே போய் அழைத்து வந்தாள். ஒரு கொசுப்புழு இருந்தாலும் எல்லாவற்றையும் வெட்டிப்போடுவதாகத் தெருவுக்கே வாக்குக் கொடுத்தாள்.

ஆதிரா குளத்தில் முகந்து பார்த்தாள். "இதில புழு இல்லா அம்மச்சி. மீன் தின்னு தீத்திருக்கு."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எலிசாள் நேசமணியைப் பார்த்து முந்தானையை உதறினாள். அதற்குள் ஆதிரா கொய்யாக் கிளையில் கட்டியிருந்த தேங்காய்ச் சிரட்டையை எட்டிப் பார்த்தாள்.

"இது எந்தா?"

"குருவிக்குத் தண்ணி."

"டெய்லி கொட்டிக் கழுவுவியளா?"

எலிசாள் கிளையை வளைத்துச் சிரட்டைக்குள் பார்த்தாள். கோடையில் கிணறு வற்றிக் கிடந்தது. மிச்சத் தண்ணீரைக் கொட்ட மனசு வராமல், தினமும் அதன் மேலேயே ஊற்றி நிரப்பியிருந்தாள். சிரட்டைக்குள் புழுக்கள் நெளிந்தன. அடுத்த சிரட்டையிலும் நெளிந்தன. தோட்டம் முழுக்கப் பத்தொன்பது சிரட்டை! குருவிக்கென்று கொசுவை அல்லவா வளர்த்திருக்கிறாள், பாவி மகள்!

எலிசாள் உள்ளே போனாள்.

"என்ன சொன்னாவ?" என்றார் சத்தியநேசன். "நம்ம தோட்டம் இல்லல்லா?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. "நம்மதுதான்," என்றாள். "நாந்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எவ்வளவோ தேவலை. மடங்காத இரண்டு கைகளையும் மடியிலிருந்து தூக்கி அவள் முன் நீட்டினார்.

"இது இனி மடங்குமா எலிசா?"

அவள் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கொய்யாவில் தொடங்கினாள். "செடிய வெட்டண்டா அம்மச்சி, சிரட்டய கவுத்தினா மதி, அது போதும்!" என்று ஆதிரா கையைப் பிடித்தாள். எலிசாள் உதறிவிட்டு அடுத்த கிளையை வெட்டினாள்.