எங்கள் ஸ்டேஷன் வாசலில் துவக்குகள்

இந்த நாட்டுப் பொலிஸ்காரனிடம் துவக்கு துப்பாக்கி ஒன்றும் இல்லை என்பதை என் கணவர் நம்புவதற்குப் பல வருடம் எடுத்தது. நான் வந்து இறங்கிய முதல் கிழமையே நம்பிவிட்டேன். ஊருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அதைத்தான் எழுதினேன்: குளிர் தாங்க முடியவில்லை, முருங்கைக்காய் விலையைக் கேட்டால் வயிறு எரிகிறது, ஆனால் பொலிஸ் வெறுங்கையோடு நடந்து போகிறான், எங்களைப் பார்த்துக் காலை வணக்கம் வேறு சொல்கிறான். அவர் அப்படியில்லை. இடுப்பில் எதுவாவது தொங்கினால் போதும், அது கதவுத் திறப்புக் கோர்வையாக இருந்தாலும் சரி, மனிதர் மற்றப் பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். ரயிலில் டிக்கெட் பார்க்க வருகிறவருக்கு டிக்கெட்டைக் காட்டுவதற்கு முன் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். பிழையான இடத்தில் நிறுத்திய கார்களுக்குத் தண்டம் எழுதுகிறவரைக் கண்டாலும் ஒதுங்குவார். "எங்களிட்டைக் காரே இல்லையேப்பா, உங்களுக்கு என்ன பயம்?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவர் சிரிக்கமாட்டார். எனக்குப் பொறுமை குறைவு, வாயும் சும்மா இருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் யுத்த காலத்தில் அவரை ஆமி பிடித்து வைத்திருந்தது பதினாலு மாதம். ஆள் திரும்பி வந்தார், தைரியம் வரவில்லை. லண்டனில், குட்மேய்ஸில் நாங்கள் வீடெடுத்த பிறகும் நான் கூடப் போகாமல் அவர் படி இறங்கியதில்லை. எங்கள் டொக்டர் தமிழ்நாட்டுப் பெண். மருந்து மாத்திரையெல்லாம் எழுதிப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னார்: "தினமும் ஒரு விளக்குக் கம்பம் கூடுதலா நடங்க சார். பயம் வந்தா அங்கேயே நில்லுங்க. திரும்பி மட்டும் ஓடிடாதீங்க."

எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை பத்தொன்பது விளக்குக் கம்பங்கள். நான் சன்னலில் நின்று பார்ப்பேன். நாலாவது கம்பத்தில் மூன்று கிழமை நின்றார். ஒன்பதாவதில் ஒருவர் நாயோடு வந்ததால் மறுபடி இரண்டாவதுக்கு வந்தார். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் சுவரில் முட்டவேண்டும் போல இருக்கும். ஆனால் போய்ச் சேர்ந்தார். பத்தொன்பதாவது கம்பத்தைத் தொட்டுவிட்டு வந்த அன்று அவர் சமையலறையில் நின்று ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்ததை நான் மறக்கவில்லை. பிறகு ரயில். பிறகு இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. மூன்று வருடம் அவர் தனியாக வேலைக்குப் போய் வந்தார். காலையில் முன்கதவு சாத்தும் சத்தம் கேட்கும், நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இன்னும் அரை மணித்தியாலம் படுப்பேன். என் கலியாண வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தம் அதுதான்.

அந்தக் கோடையில் வெளிநாட்டு ஆட்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்து நாடு குழம்பியது. எங்கோ ஒரு நகரத்தில் தொடங்கி, அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைத்து, கறுத்த முகங்கள் இருந்த கடைகளை உடைத்து, ஊர் ஊராகப் பரவியது. எல்லாம் எங்கள் கைபேசிக்குள் வந்தது. அடுத்தது எந்தத் தெரு என்று ஒரு பட்டியல் வந்தது. அதைப் பொய் என்று சொன்னவர்களும் இன்னும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் சொன்னார்கள். ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த தோழி, பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்கையே தள்ளிவைத்தாள். எங்கள் தெருமுனையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் மத்தியானமே ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, குனிந்து குனிந்து ஆட்களை உள்ளே எடுத்தார். அவர் கண்ணாடிக்குப் பலகை அடித்த சத்தம் எனக்கு ஊரை ஞாபகப்படுத்தியது. ஆனாலும் என் கணவர் வேலைக்குப் போனார். பயந்தார், ஆனால் போனார். அதில் எனக்கு ரகசியமாகப் பெருமையும் இருந்தது.

பிறகுதான் ஸ்டேஷன் வாசலில் துவக்கோடு பொலிஸ் வந்து நின்றது. இரண்டு பேர். நெஞ்சுக்குக் குறுக்கே கறுத்த நீளத் துவக்கு, விரல் விசைக்குப் பக்கத்தில், கால் அகட்டி நிற்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்களைக் கண்டதும் சந்தோஷமாக இருந்தது. தெருவே சந்தோஷப்பட்டது. மரக்கறிக் கடைக்காரர் பிளாஸ்டிக் தட்டில் வடை கொண்டுபோய் நீட்டினார், அவர்கள் நன்றி சொல்லி மறுத்தார்கள். "இனிப் பயமில்லை அக்கா, ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றார் என்னிடம். நானும் ஓம் என்றேன். துவக்கு எங்கள் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரம் வேலையால், ஆட்களோடு ஆட்களாக அந்தத் துவக்குகளைக் கடந்து வந்த கணவர் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார், எழும்பவில்லை.

"இஞ்சேரும், நீர் கொஞ்சம் முன்னால போய்ப் பாக்கிறீரே? பார்த்திட்டுக் குடையை விரியுமன்" என்றார்.

அந்தக் குடையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சென்றிக்கு முன்னால் பெண்கள்தான் முதலில் போவோம். சென்றி என்றால் வீதியை மறித்து ஆமிக்காரன் துவக்கோடு நிற்கும் மண்மூட்டைக் காவலரண். ஆண்கள் தூரத்தில், பனங்கூடல் ஓரத்தில் சைக்கிளோடு நிற்பார்கள். இன்றைக்கு ஆர் நிற்கிறான், குடித்திருக்கிறானா, ஆட்களை இறக்கி வரிசையில் விட்டிருக்கிறானா என்று நாங்கள் கடந்துபோய்ப் பார்ப்போம். பிழையில்லை என்றால் வெயிலுக்குப் பிடிப்பதுபோலக் குடையை விரிப்போம். விரிக்காவிட்டால் அவர்கள் திரும்பிப் போய்விடவேண்டும். கலியாணம் முடித்த புதிதில், அவர் விடுதலையாகி வந்த பிறகு, ஒருநாள் நான் குடையை விரிக்கவில்லை. அவர் திரும்பிப் போனார். அன்று அந்தச் சென்றியில் ட்ரக்கில் ஏற்றிய ஆண்களில் யாரும் வீட்டுக்கு வரவில்லை. அதன் பிறகு அவருக்குக் கடவுளில் இருந்த நம்பிக்கையெல்லாம் என் குடைக்கு வந்துவிட்டது.

ஆனால் லண்டனில், வீடும் வேலையும் கவுன்சில் வரியும் இருக்கிற இடத்தில், குடை பிடிக்கச் சொன்னால் எனக்கு எரிச்சல் வராதா? எனக்கும் அன்று வேலை இருந்தது, முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட்.

"இது என்ன ஊரே? அவங்கள் எங்களைக் காப்பாத்த வந்து நிக்கிறாங்கள். நேர போங்கோ. பத்தொன்பது கம்பம்தான்."

"அங்கையும் அப்பிடித்தான் சொன்னவங்கள்."

"எனக்கு உங்களோடை மல்லுக்கட்ட ஏலாது. எழும்புங்கோ."

எழும்பினார். புட்டும் மீன் குழம்பும் வைத்த சாப்பாட்டுப் பையை நானே கையில் திணித்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நடந்ததை மரக்கறிக் கடைக்காரரும் என் கணவரும் சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். பத்தொன்பதாவது கம்பத்தைக் கடந்து, துவக்குக்காரர்களுக்குப் பத்தடி முன்னால் அவர் நின்றார். யாரும் அவரை மறிக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. அவர் பையைக் கீழே வைத்தார். இரண்டு கையாலும் இடுப்பில் சேட்டின் விளிம்பைப் பிடித்தார்.

எங்கள் நாட்டில் அதுதான் மரியாதை. சென்றியில் ஆமிக்காரன் கேட்பதற்கு முன் சேட்டைத் தூக்கி வயிற்றைக் காட்டவேண்டும், வெடிகுண்டு கட்டியிருக்கவில்லை என்று. பிறகு திரும்பி முதுகைக் காட்டவேண்டும். கேட்கும்வரை நின்றால் அடி விழும். அவர் அதை எத்தனை நூறு தரம் செய்திருப்பாரோ தெரியாது. ஆனால் இங்கே, ஊரே பதறிப்போயிருக்கிற நேரத்தில், பொலிஸுக்கு முன்னால் ஒருவன் பையை வைத்துவிட்டு இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனால் அதற்கு ஓர் அர்த்தம்தான் உண்டு.

கத்தினார்கள். கத்தியது அவருக்குக் கேட்டது; சேட்டை இன்னும் மேலே தூக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தார். தூக்கினார். முதுகைக் காட்டத் திரும்பினார். அதற்குள் இரண்டு துவக்கும் அவரை நோக்கி நிமிர்ந்துவிட்டன. ஆட்கள் அலறிக்கொண்டு ஓட, அவர் வெறும் வயிறு நடைபாதையில் படக் குப்புறப் படுத்துக் கிடந்தார். எப்படிப் படுக்கவேண்டும் என்பது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான் போல. அதை அவர் சரியாகச் செய்தார். பையைத் திறந்து பார்த்தார்கள். புட்டு இருந்தது.

முதியோர் இல்லத்துக்குப் போன் வந்து நான் ஓடிவந்தபோது, ஒரு பெண் பொலிஸ் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து பக்கத்தில் இருந்தார். நல்ல பிள்ளை, எங்கள் மகளின் வயது இருக்கும். மன்னிப்புக் கேட்டார். நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை, அவர்கள் உங்களைப் பாதுகாக்கத்தான் அங்கே நிற்கிறார்கள் என்றார். காலையில் நான் சொன்ன அதே வார்த்தை. என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, தாங்க்யூ, சொரி, தாங்க்யூ என்றார். லண்டனிலேயே மிச்சம் என்கிற இடத்தில் இருக்கும் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அவங்கள் தங்கட ட்ரெயினிங்படிதான் செய்தவங்கள். சுடேல்லைத்தானே." சரிதான். அவர்களுக்கு ஒரு பயிற்சி, இவருக்கு ஒரு பயிற்சி. கோபப்படுவதற்கு எனக்கு ஆளே கிடைக்கவில்லை, என்னைத் தவிர.

பொலிஸ்காரப் பிள்ளை போன பிறகு அவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "முதல்லை ஒண்டும் செய்யேல்லை. திரும்பேக்கைதான் துவக்கை நிமித்தினவங்கள். நான் எங்கையோ பிழையாச் செய்திட்டன் போல."

அந்தச் சேட்டை நான் தோய்த்தேன். வயிற்றுப் பக்கத்து இரண்டு பொத்தான் போயிருந்தது. தோய்த்துக்கொண்டே அழுதேன், தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு, அவருக்குக் கேட்காமல்.

குழப்பம் அடங்கியது. பலகைகளைக் கழற்றினார்கள். இரண்டு கிழமையில் துவக்குகளும் போய்விட்டன. நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன், அவர் நம்பவில்லை. நாளைக்கு வரமாட்டார்கள் என்று ஆர் சொன்னது என்று கேட்டார். டொக்டரிடம் போனோம். அவர் மறுபடி முதலாவது கம்பத்திலிருந்து தொடங்கலாம் என்றார், ஆனால் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் கணவருடைய இடத்தை இலையுதிர் காலம்வரை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளை எடுக்கவேண்டியிருக்கும் என்று மரியாதையாகக் கடிதம் போட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை அவராகவே சப்பாத்தைப் போட்டார். "நீர் முன்னால போம். குடையைக் கொண்டு போம்" என்றார். இந்தமுறை நான் மல்லுக்கட்டவில்லை. எத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்து, அதே குடையோடு அவருக்கு முன்னால் நடந்தேன். பத்தொன்பதாவது கம்பத்தடியில் அவர் நின்றுகொண்டார்.

ஸ்டேஷன் வாசலில் யாருமில்லை. குழந்தை வண்டியோடு ஒரு தாய், பத்திரிகை அடுக்குகிற ஒருவர், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். குடையை விரிக்கவேண்டும். விரித்தால் வருவார், நிச்சயம் வருவார். பெருவிரலைப் பொத்தானில் வைத்தேன். உள்ளே பிளாட்போர்மில் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் இறங்கப்போகும் ஸ்டேஷனில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. துவக்குகள் நின்ற அன்று காலை எல்லாம் தெரிந்தவள்போல அவரை அனுப்பியதும் இதே வாசலுக்குத்தான். விரல் அமத்தவில்லை. ரயில் வந்து நின்று போன சத்தம் கேட்டது.

மழை தூறத் தொடங்கியது. பிறகு பலமாகப் பெய்தது. வாசலில் நின்றவர்களெல்லாம் குடையை விரித்தார்கள். நான் என் குடையை மூடியபடியே பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, நான் ஏதோ கண்டுவிட்டேன் என்று நம்பி, திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் பின்னால் போனேன்.