குணம் மாமா இல்லாத படங்கள்

பிள்ளையள், குணம் மாமாவின்ர மனுசி, உங்கட மாமி, போன மாதம் எங்கட வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தது ஞாபகம்தானே. நீங்கள் ரியூசனுக்குப் போன பிறகுதான் அவ வந்த காரணத்தைச் சொன்னா.

"அண்ணை, இவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கவேணும். முன்பக்கத்துக்கு இவரின்ர வடிவான படம் ஒண்டும் இல்லை. அடையாள அட்டையில கள்ளனைப் போல நிக்கிறார். நீங்கள்தானே கமராவும் கையுமா இவரோட திரிஞ்சனீங்கள்."

"ஓம் தங்கச்சி, தேடித் தாறன்" எண்டன்.

அவ போனதும் பழைய படங்களைத் திறந்தன். வாத்து, கொக்கு, பஞ்சுருட்டான். பார்க்கப் பார்க்கத் தலங்கமக் குளத்துச் சேற்று மணம் மூக்கில ஏறினது. அந்த மணத்தோட சீனி போட்ட, முதலை வடிவக் கிம்புலா பணிஸ் மணமும் சேர்ந்து வரும். ஏனெண்டால் குணம் பணிஸ் வாங்காமல் பஸ் ஏறமாட்டான்.

அப்ப நானும் அவனும் கொட்டாஞ்சேனையில ஒரு ஹார்ட்வெயார் கடையில வேலை. ஞாயிறு லீவு. எனக்குப் பழைய கமரா ஒண்டு கிடைச்ச காலம். மாரியில வெளிநாட்டுப் பறவையள் வருமெண்டு ஆரோ சொல்ல, பெரிய படப்பிடிப்பாளன் மாதிரி வெளிக்கிட்டன். குணத்துக்குப் பறவையில ஒரு விருப்பமும் இல்லை. "கோழியெண்டாலும் கறி வைக்கலாம்" எண்பான். ஆனால் கண் கழுகுக் கண். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நிக்க, அவன் அதுக்குள்ள இருக்கிற பறவையைக் கண்டுவிடுவான். கண்டதும் முன்னுக்கு ஓடிப்போய்க் கையை நீட்டுவான். படத்தில பறவைக்குப் பதிலா அவன்ர பிடரிதான் விழும்.

"விலகடா, மண்டை மறைக்குது!"

"இதுவும் கிடையாத சாமான்தான் மச்சான், எடு!"

என்ர மெமரி கார்ட் சின்னன். அவன்ர மண்டை, கை, சேட் கொலர் விழுந்த படங்களை அங்கேயே நிண்டு அழிச்சுக்கொண்டு வந்தன். ஒரு நாள் மத்தியானம் குளத்து வரம்பில இருந்து பணிஸ் திண்டு முடிய, சீப்பை எடுத்துத் தலையை வாரினான்.

"டேய், என்னையும் ஒண்டு எடுவன். வீட்டில காட்டலாம்."

எடுத்தன். குளம் பின்னுக்கு, வாயோரத்தில சீனி, நல்ல சிரிப்பு. கொஞ்ச நேரத்தில வாத்துக் கூட்டம் ஒண்டு இறங்கினது. கமரா 'இடமில்லை' எண்டுது. யோசிக்க நேரமில்லை. குணத்தை அழிச்சுப்போட்டு வாத்தை எடுத்தன். வாத்தும் சரியா வரேல்லை, வால்தான் தெரிஞ்சது.

திரும்பி வரேக்க, பொரளையில பஸ் மாறி ஏறினதும் கேட்டான்: "என்ர படம் எப்பிடி?"

"மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய். கழுவித் தாறன்."

பிறகும் ரெண்டொரு தரம் கேட்டான். நான் "இந்தா, இந்தா" எண்டு கடத்த, கேக்கிறதை விட்டுட்டான். கோபமில்லை, மறந்துபோனான் எண்டு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டன்.

மாமிக்கு நான் உண்மையைச் சொல்லேல்லை. "கார்ட் பழுதாப் போச்சு தங்கச்சி" எண்டன். "பரவாயில்லை அண்ணை" எண்டு அவ என்னைத் தேற்றினா. அதுதான் தாங்க முடியேல்லை. மலர் அந்தக் கள்ளன் படத்தோடதான் வந்தது.

நாங்கள் இருந்த வரம்பு இப்ப இல்லை. கல்லுப் பதிச்ச நடைபாதை போட்டிருக்கினம். கடை இருந்த இடத்தில போன் விக்கினம். அந்தக் கடையில என்னை "டேய்" எண்டு கூப்பிட்டவனும் போயிட்டான்.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு நீங்கள் மாமி வீட்டில நிக்க, நான் முன்னுக்கே எங்கட வீட்டுக்கு வந்திட்டன். என்ர மலருக்கும் கள்ளன் படம் வரக்கூடாதெண்டு, கமராவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தண்ணி டாங்கிக் கட்டில வைச்சு, தானா எடுக்கிற பொத்தானை அமத்திப்போட்டு ஓடிப்போய் நிண்டன். முதல் படத்தில கண் மூடியிருந்தது. அடுத்ததில கொடியில காய்ஞ்ச ஆரின்ரயோ சாரம் பாதி முகத்தை மறைச்சது. மூண்டாவது பரவாயில்லை.

ஒண்டையும் அழிக்கேல்லை.